மறுக்கா உள்ள போய்ப் பாரு

சண்முகப்பிரியாவுக்குத் தேர்வு இருந்த வியாழக்கிழமை கிருபாசங்கர் லீவு போட்டான். லீவு போட்டதை அலுவலகத்தில் சொன்னான். அவிநாசியில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னான். காய் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னான்.

"ஊட்டுக்காரிக்கு டெஸ்ட்டுங்க. பாப்பாவைப் பாத்துக்க ஆள் வேணுமில்லீங்."

பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவியிடம் போய், இப்படி ஒரு புருஷன் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அந்தம்மாள் அதை அப்படியே கொண்டுவந்து காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகப் பிரியாவிடம் சொன்னாள். பிரியாவும் ஆமாங்க என்றாள். அப்போது அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

இருவரும் முன்பு சரவணம்பட்டியில் ஒரே கம்பெனியில், ஒரே டீமில் இருந்தவர்கள். லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவனுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் அவள் சேர்ந்தாள். சேர்ந்த ஆறாம் மாதமே சிக்கலான புகார்கள் எல்லாம் அவள் மேசைக்கு வர ஆரம்பித்தன. "கிருபா, பிரியாகிட்டக் கேட்டுக்க" என்று மேனேஜர் கண்ணாடி அறையில் இருந்தபடியே குரல் கொடுப்பார். அவன் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். அவள் திரும்பிச் சொல்லிக் கொடுப்பாள். பிறகு இரண்டு வீட்டிலும் ஜாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம். மௌனிகா பிறந்த வருடம் மாமியார் சென்னியம்மாளுக்கு முழங்கால் ஆபரேஷன். ஒரு வருடம் மட்டும் என்று பிரியா வேலையை விட்டாள். அந்த ஒரு வருடம் நான்காகிவிட்டது. கிருபாசங்கர் இப்போது பத்துப் பேருக்குத் தலைவன்.

பழைய தோழி ஒருத்தி சொல்லித்தான் பிரியா வேறொரு கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டாள். பிரத்யுஷா என்ற பெண்ணிடமிருந்து பதில் வந்தது. வீட்டிலிருந்தே மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வு, அதில் தேறினால் நேரில் வரலாம். அவன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் அதைச் சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றது. அப்புறம் சிரித்தான்.

"சூப்பர் கண்ணு. எப்ப? நான் லீவு போட்டுக்கறேன்."

தன் பெரிய மானிட்டரைக் கழற்றி வந்து படுக்கையறையில் அவளுக்கு மாட்டிக் கொடுத்தான். மேசைக்குக் கால் ஆடுகிறது என்று அட்டை மடித்து வைத்தான். தன் அலுவலக நாற்காலியையும் உருட்டி வந்தான்.

தேர்வின் விதிகளில் ஒன்று, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது. லேப்டாப் காமிரா அவள் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். அந்தப் படமும் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் பதிவாகும், குரல் பதிவாகாது. நாற்காலியை விட்டு ஐந்து நிமிடம் வரை எழுந்து போகலாம்.

"நீங்க ஹால்ல இருங்க" என்றாள் பிரியா.

"பாப்பா ஓடி வந்து மடில ஏறிருச்சுன்னா? நான் கட்டில் ஓரத்துல உக்காந்துக்கறேன். அங்க காமிராவுக்குத் தெரியாது. வாயே தொறக்க மாட்டேன்."

அவள் தயங்கினாள். அவன் அதற்குள் தலையணையைச் சுவரோரம் வைத்துச் சாய்ந்து போனை எடுத்துவிட்டான். அந்த இடத்தில் இருந்து மானிட்டர் நன்றாகத் தெரிந்தது.

பத்து மணிக்குத் திரை திறந்தது. எங்கோ இருக்கும் ஒரு வெறும் லினக்ஸ் கணினி, அதற்குள் போக ஒரே ஒரு கணக்கு, ஒரே ஒரு ஜன்னல். நாம் தட்டும் கட்டளையை வாங்கிக் கணினிக்குச் சொல்லும் நிரலை ஷெல் என்பார்கள். லாகின் செய்ததும் முதலில் எழுந்து நிற்பது அதுதான். அது எழவில்லையென்றால் உள்ளே போக வழி கிடையாது. கொடுக்கப்பட்ட வேலை, இசட் ஷெல் என்ற ஷெல்லை அந்தக் கணினியில் நிறுவி, அந்தக் கணக்குக்கு லாகின் ஷெல்லாக மாற்றுவது. ரெடிமேடாக இறக்கிக்கொள்ள முடியாது, அதற்குள் இணையம் இல்லை. நிரலின் மூல வரிகளான சோர்ஸ் கோடை எடுத்துத் தானே கட்டி எழுப்ப வேண்டும். தேவையான சோர்ஸ் எல்லாம் ஒரு ஃபோல்டரில், தேவையில்லாத இருபது முப்பதோடு கலந்து கிடந்தது.

ஷெல்லின் சோர்ஸைப் பிரித்தாள், கட்டத் தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் கன்ஃபிகர் கட்டளையைப் போட்டாள். வரிகள் மளமளவென்று ஓடி நடுவில் நின்றன. திரையில் எழுத்துகளைக் கையாளும் லைப்ரரி என்ற துணை நிரல் எதுவும் இந்தக் கணினியில் இல்லை என்றது கடைசி வரி. நான்கு வருடத்துக்கு முன்பென்றால் இதைப் பார்த்து எரிச்சல் பட்டிருப்பாள். இன்று சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஃபோல்டருக்குள் தேடி அந்த லைப்ரரியின் சோர்ஸையும் கண்டுபிடித்தாள். முதலில் அதைக் கட்ட வேண்டும், பிறகு அதன் மேல் ஷெல்லைக் கட்ட வேண்டும்.

கட்டும் வேலையைத் தொடங்கும் மேக் கட்டளையைப் போட்டுவிட்டு, திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாள் கழித்து, யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல், யார் கூப்பிடுவார்களோ என்று காது கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. அது முடிந்ததும் ஷெல்லைக் கட்டினாள். அதுவும் கட்டி முடிந்தது. இயக்கிப் பார்த்தாள். லைப்ரரியைக் காணோம் என்றது.

அவளுக்குத் தெரிந்ததுதான். லைப்ரரி இருக்கிறது, ஆனால் வழக்கமான இடத்தில் இல்லை. எங்கே இருக்கிறது என்று ஷெல்லுக்குச் சொல்ல வேண்டும். இப்போதைக்கு இந்த ஜன்னலுக்குள் மட்டும் செல்லுபடியாகும்படி இடத்தைச் சொல்லிவிட்டு இயக்கினாள். ஷெல் எழுந்தது. இனி எல்டி கன்ஃபிக் என்ற கட்டளையைப் போட்டு அதே இடத்தைக் கணினி முழுக்க நிரந்தரமாகப் பதிந்துவிட்டால் போதும்.

ஹாலில் தடால் என்று சத்தம். மௌனிகாவின் அழுகை.

"அம்மணி, சித்த வந்துட்டுப் போ. புள்ள டீப்பாயில இடிச்சுக்கிச்சு" என்றாள் சென்னியம்மாள்.

பிரியா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் போனில் இருந்து கண்ணை எடுக்காமல், "உன்னையத்தான் கேக்குது. ஓடிப் போயிட்டு வா, அஞ்சு நிமிசம் இருக்குதில்ல" என்றான். அவள் ஓடினாள். குழந்தையின் நெற்றியில் லேசான வீக்கம். தேய்த்துவிட்டு, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மாமியார் கையில் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். காமிராவின் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. எங்கே விட்டோம்? ஷெல் ஓடியது, அடுத்தது லாகின் ஷெல்லாக மாற்றுவது. அனுமதிக்கப்பட்ட ஷெல்களின் வரிசையில் புதியதைச் சேர்த்தாள். கணக்கின் லாகின் ஷெல்லை மாற்றினாள்.

முடிந்தது. இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

சரிபார்க்கும் முன் யோசித்தாள். ஒரே கணக்கு. வெளியே போனபிறகு ஏதாவது தவறென்றால் திரும்ப வர முடியாது. இருக்கும் ஜன்னலை மூடாமல், அதற்குள்ளேயே, வெளியிலிருந்து வருவதுபோலப் புதிதாக ஒரு லாகின் நடத்திப் பார்க்க ஒரு கட்டளை உண்டு; தவறென்றால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அதைத் தட்டினாள். எண்டர் மட்டும்தான் பாக்கி.

"அது எதுக்கு கண்ணு?" என்றான் கிருபாசங்கர்.

தேர்வு தொடங்கியதிலிருந்து அவள் தட்டுவதைப் பற்றி அவன் பேசிய முதல் வார்த்தை.

"உள்ளயே ஒரு தடவ பாத்துக்கறனுங்க."

"அதெல்லாம் நெச லாகினுக்கு ஆகாது. அவங்க செக் பண்றப்ப வெளிய இருந்துதான வருவாங்க. மூடிப்போட்டு மறுக்கா உள்ள போய்ப் பாரு. அதான் சரியான டெஸ்ட்டு."

அவள் கை நின்றது. அவன் சொன்னதிலும் நியாயம் இருப்பதுபோல் பட்டது. நான்கு வருடம் வெளியே இருந்தவள் அவள். தினமும் இதே வேலையில் இருப்பவன் அவன். கேஸ் புக் செய்வதிலிருந்து பாப்பாவுக்கு எந்த டாக்டர் என்பது வரை அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று பழகிவிட்ட மனசு. தட்டிய கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். வெளியே வந்தாள். திரும்பவும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாள்.

லைப்ரரியைக் காணோம் என்றது ஒரு வரி. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றது அடுத்த வரி.

மறுபடி கொடுத்தாள். அதே இரண்டு வரி. மூன்றாம் முறையும் அதே. ஷெல் எழுந்து நிற்கத் தேவையான லைப்ரரி எங்கே இருக்கிறது என்பது மூடிய ஜன்னலோடு போய்விட்டது. உள்ளே போய்ச் சொல்லலாம் என்றால் உள்ளே போவதற்கே ஷெல் வேண்டும்.

"அடடா" என்றான் அவன், போனைப் பார்த்தபடியே. "எல்டி கன்ஃபிக் போடலியா கண்ணு?"

தலையை அவன் நிமிர்த்தவே இல்லை. திரையில் என்ன வந்தது என்று பார்க்கவும் இல்லை.

பிரியா அவனையே பார்த்தாள். அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனான். தேர்வு முடிகிற வரை காமிரா ஓடும் என்பதால் அவள் நாற்காலியிலேயே இருந்தாள். ஹாலில் அவன் அம்மாவிடம் பேசுவது நன்றாகக் கேட்டது.

"நல்லாத்தானுங்ம்மா பண்ணுச்சு. கடேசில ஒரு சின்னத் தப்பு. பாவம், நாலு வருசம் கேப் இல்லீங்."

அன்று மத்தியானம் வீட்டில் எல்லாரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள். அவன் வெளியே போய்ப் பிரியாணி வாங்கி வந்தான். சென்னியம்மாள் அவளுக்கு முதலில் பரிமாறினாள். "வெசனப்படாத கண்ணு. உனக்கு என்ன கொறை? வேலைக்குப் போயித்தான் ஆவணுமா? என்ர பையன் லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தான் பாரு, அத நெனச்சுக்க" என்றாள். அவிநாசியில் இருந்து நாத்தனார் போன் செய்து அதையே சொன்னாள். பிரியா இருவருக்கும் சரிங்க என்றாள்.

சனிக்கிழமை ஈரோட்டில் ஓர் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. காரில் போகும்போது மௌனிகா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். பெருந்துறை தாண்டும்போது பிரியா கேட்டாள்.

"நான் எல்டி கன்ஃபிக் போடாம விட்டத நீங்க பாத்தீங்களா?"

அவன் லாரி ஒன்றை முந்திவிட்டுப் பதில் சொன்னான்.

"பாத்தேன்."

"எப்ப?"

"நீ பாப்பாவப் பாத்துட்டு வந்து உக்காந்தீல்ல, அப்பவே."

"ஏனுங்க சொல்லல?"

"ரூம்ல யாரும் இருக்கக் கூடாதுன்னு ரூல் போட்டிருந்தாங்க கண்ணு. சொன்னா அது காப்பியடிச்ச மாதிரி ஆயிராதா?"

"உள்ளயே பாத்துக்கறேன்னு தட்டுனப்ப மட்டும் சொன்னீங்க."

கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் குரல் மாறவே இல்லை.

"ஆபீஸ்ல எல்லாரும் இருக்கறப்ப, பிரியாகிட்டக் கேளும்பாரு மேனேஜரு. நானும் எந்திரிச்சு வருவேன். நீ சேரைத் திருப்பி, மொதல்ல ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு அப்பறந்தான் சொல்லுவ. ஞாபகம் இருக்குதா?"

அவள் யோசித்தாள். அவன் வந்து நிற்பது நினைவிருந்தது. சொல்லிக் கொடுத்ததும் நினைவிருந்தது. சிரித்ததாக நினைவில்லை. அப்போதே அவனைப் பிடித்திருந்தது, அதனால் சிரித்திருக்கலாம்.

"இல்லீங்க" என்றாள்.

"உனக்கு இருக்காது" என்றான். பிறகு, "இங்க எறங்கி எளநீ குடிக்கலாமா?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை காலை பிரத்யுஷா கூப்பிட்டாள். அவன் அலுவலகம் போயிருந்தான். பிரியா சமையலறையில் போனை எடுத்தாள்.

"உங்க பதிவைப் பாத்தேங்க. லைப்ரரி இல்லைன்னு நாங்க வெச்ச இடத்துல பாதிப்பேர் நின்னுடறாங்க. நீங்க நிக்கவே இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வெளிய போறதுக்கு முன்னாடி உள்ளயே லாகின் பாக்கற கட்டளையைச் சரியாத் தட்டிட்டீங்க. அப்பறம் எழுத்தெழுத்தா அழிச்சுட்டு வெளிய போயிருக்கீங்க. ஏங்க அழிச்சீங்க?"

பிரியா அடுப்பை அணைத்தாள்.

"பதட்டத்துல பண்ணிட்டேன்னு சொன்னீங்கன்னா நான் எழுதிக்கறேன். அதை ஒரு குறைன்னு வெச்சுட்டு நேர்ல வரச் சொல்லலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

ஒரு வார்த்தை போதும். பதட்டம் என்றால் வாசல் திறக்கும். பிரியாவுக்கும் அது தெரிந்தது. ஆனால் அந்தக் கட்டளை சரியான கட்டளை. அதைத் தட்டியவள் அவள். நான்கு வருடத்துக்குப் பின்னும் கை தானாகப் போய்த் தட்டிய ஒன்றை, பயந்துபோய் அழித்தேன் என்று தன் வாயால் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"என்ர வீட்டுக்காரரு ரூம்ல இருந்தாருங்க. அவருதான் அழிச்சுட்டு வெளிய போகச் சொன்னாரு. தப்பாப் போகும்னு தெரிஞ்சேதான் சொன்னாருங்க."

பிரத்யுஷாவின் குரல் தணிந்தது.

"இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாமுங்க. சொன்னபிறகு நான் எழுதித்தான் ஆகணும். அறையில வேற ஆள்னா தேர்வு செல்லாது. ஒரு வருசத்துக்கு நீங்க மறுபடி எழுத முடியாது. யாரு, எதுக்குங்கறதை எழுத அந்த ஃபாரத்துல இடமே இல்லீங்க."

"சரிங்க" என்று வைத்துவிட்டுத் திரும்பினாள். சென்னியம்மாள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஷெல் என்றால் என்ன, லைப்ரரி என்றால் என்ன என்று சென்னியம்மாளுக்குத் தெரியாது. மற்றதெல்லாம் புரிந்தது.

"ஊட்டு ஆம்பளைய அடுத்தவங்ககிட்டக் காட்டிக் குடுக்கற" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஹாலுக்குப் போய்ப் போனை எடுத்து, கோபியில் இருக்கும் பிரியாவின் அப்பா பாலுசாமியைக் கூப்பிட்டாள். "ஏனுங் சம்பந்தி, நல்லா இருக்கறீங்களா? ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

மறுநாள் பாலுசாமி தன் தோட்டத்து வாழைத்தார் ஒன்றோடு பஸ் ஏறி வந்தார். கிருபாசங்கர் அலுவலகத்தில் இருந்து சாப்பாட்டு வேளைக்கு வந்தான். மாமனாரை எழுந்து நின்று வரவேற்றான். பாலுசாமி சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டார். என்ன நடந்தது என்று சென்னியம்மாள் ஒரு முறை சொன்னாள். பாலுசாமி மகளைக் கேட்கவில்லை.

"மாப்ள, புள்ள வெவரமில்லாமப் பேசிப்போடுச்சுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"என்னங் மாமா, நீங்க போயி இப்பிடி. பிரியா டென்சன்ல இருந்துச்சு, ஏதோ சொல்லிருச்சு. நான் ஒண்ணும் நெனைக்கலீங்" என்றான் கிருபாசங்கர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நம்முளுக்குள்ள என்னங் மாமா."

பிரியாதான் இலை போட்டுப் பரிமாறினாள். அப்பா ரசத்துக்கு மறுசோறு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையும் மாமனாரும் மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

மேட்டுப்பாளையம் சாலை வரை அவரை வழியனுப்ப அவள் நடந்து போனாள். பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. பாலுசாமி துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார்.

"ஒரு வார்த்தை அவருகிட்ட நீயும் கேட்டுப்போடு சாமி."

"நான் பொய் சொல்லிருப்பேன்னு நெனைக்கறீங்களாப்பா?"

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. நெசமாத்தான் இருக்கும்" என்றார். "நெசமா இருக்கவும்தான் நான் வந்து கேட்டேன். பொய்யின்னா, நாலு நாளுல அவங்களே மறந்துருவாங்க. நீ இங்கதான இருக்கோணும்."

காந்திபுரம் பஸ் வந்தது. அவர் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தார். அவள் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பிரியா மன்னிப்புக் கேட்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அதுதான் அப்பா கேட்டாகிவிட்டதே. ஒரு மாதம் சென்னியம்மாள் அவளை அம்மணி என்றோ கண்ணு என்றோ கூப்பிடவில்லை, வாங்க போங்க என்று விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினாள். பெரிய மானிட்டர் அவன் அறைக்குத் திரும்பிப் போனது. பிரியா லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மௌனிகா தூங்கும் மத்தியானங்களில், அதே லைப்ரரியையும் அதே ஷெல்லையும் அழித்து அழித்துக் கட்டிப் பார்த்தாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் மூடிவிடுவாள்.

ஜூனில் மௌனிகாவைப் பள்ளியில் சேர்த்தார்கள். கணபதியில் மோட்டார் பம்ப் பாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில், இரண்டு சர்வரையும் பதினைந்து கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அவள் வீட்டில் சொல்லாமல் போய் நேரில் பேசினாள். தேர்வெல்லாம் வைக்கவில்லை. நாளைக்கே வரச் சொன்னார்கள்.

கிருபாசங்கர் மறுப்பேதும் சொல்லவில்லை. போகிற வழிதான் என்று தினமும் அவனே காரில் கொண்டுவந்து விடுகிறான். முதல் வாரத்திலேயே முதலாளியிடம் அறிமுகம் செய்துகொண்டு, செக்யூரிட்டியிடமும் பேசிப் பழகிவிட்டான். "நாலு வருசம் ஊட்டுல சும்மா இருந்துச்சுங்க, நாந்தான் விடாமப் புடிச்சுத் தள்ளி அனுப்பிச்சேன்" என்று அவன் சொல்வது, காரை விட்டு இறங்கும் அவளுக்கும் கேட்கும். பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் மௌனிகா கை காட்டுவாள். அவளுக்குத் திரும்பக் கை காட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரியா உள்ளே போய்விடுவாள்.